வீட்டு ஐஸ் இயந்திரத்தை எப்போது நிறுத்துவது?



மதியம் இரண்டு மணி. செம்பனைக் குலை அறுத்துவிட்டு வீட்டுக்காரர் திரும்பி வருகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப் பையை வாசலிலே போட்டுவிட்டு நேராகக் குசினிக்கு ஓடுகிறார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒன்றுதான். ஒரு குவளை தண்ணீர், அதிலே நாலு துண்டு ஐஸ். அந்தக் குவளையை வாயில் வைக்கும்போது வருகிற சுகத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பனிக்கட்டி என்று புத்தகத்தில் எழுதுகிறோம், ஐஸ் என்று வாயால் சொல்லுகிறோம். நானும் இன்று ஐஸ் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். என் தாயார் சிறுமியாக இருந்தபோது, தோட்டத்தில் ஐஸ் என்றால் அது டவுனிலிருந்து வரவேண்டும். மரத்தூளில் புதைத்து, கோணிப்பையில் சுற்றி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார்களாம். லயத்துக்கு வந்து சேரும்போது பாதிதான் மிஞ்சியிருக்குமாம். பிறகு வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்தது. தட்டிலே தண்ணீர் ஊற்றி உள்ளே வைத்தால் காலையில் ஐஸ். இப்போது அதற்கும் மேலே போய்விட்டோம். மேசைமேல் வைக்கிற சிறிய ஐஸ் இயந்திரத்தைப் பல வீடுகளில் பார்க்கிறேன். தண்ணீர்க் குழாயை நேராக இணைத்து, தானே ஐஸ் செய்து தொட்டியில் கொட்டிக்கொள்ளுகிற பெரிய குளிர்ப்பெட்டிகளும் தாமான் வீடுகளுக்கு வந்திருக்கின்றன.

இந்த இயந்திரத்தை எப்படி ஓடவிடுவது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். பொத்தானை அமுக்கினால் ஓடுகிறது. எப்போது நிறுத்தவேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். இது சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் சொந்தத் தவறு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் விளையாட்டுப் போட்டி வைத்தோம். போட்டிக்கு முன்பு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. கொஞ்ச நேரம் ஓடவிட்டேன், ஓரளவு தெளிந்தது. பிள்ளைகள் குடிக்கச் சிரப் தண்ணீர் கலக்கவேண்டிய பொறுப்பு என்னுடையது. நான் ஆசிரியை அல்லவா? சுகாதாரப் பாடம் நடத்துகிறவள் அல்லவா? பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மூடி வைத்தேன். அதிலே ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆனால் அதே இரவு என் ஐஸ் இயந்திரத்தில் அதே குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினேன். விடிய விடிய ஓடவிட்டேன். கொதிக்கவைக்கவில்லை. ஏன்? உறைந்து போகிற குளிரில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அந்த ஐஸை வாளி வாளியாகக் கொண்டுபோய், கொதிக்கவைத்து ஆறிய அந்தச் சுத்தமான சிரப் தண்ணீரில் கொட்டினேன். பிள்ளைகள் ஆசை ஆசையாகக் குடித்தார்கள்.

மறுநாள் பதினொரு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. "டீச்சர், பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் வயித்தால போவுது, வாந்தி வேற" என்று ஒரு தாய் தொலைபேசியில் சொன்னார். அடுத்த தாயும் அதையேதான் சொன்னார். இரண்டாம் ஆண்டு படித்த ஒரு சிறுவனை மருத்துவமனையில் சேர்த்து, கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். போய்ப் பார்த்தேன். கண் உள்ளே போய், உதடு காய்ந்து, முதல் நாள் ஓட்டத்தில் வாங்கிய பதக்கத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

சுகாதார அலுவலர் ஒருவர் விசாரிக்க வந்தார். "குடிக்கக் கொடுத்த தண்ணீரைக் கொதிக்கவைத்தீர்களா?" என்று கேட்டார். "கொதிக்கவைத்தேன்" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். "ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஐஸ்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வேறு எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் என் நெஞ்சுக்குத் தெரியும், நான் எங்கே தவறினேன் என்று.

அந்தச் சிறுவன் ஐந்து நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் பாட்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா பால்வெட்டி ஓய்ந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சா செஞ்சீங்க டீச்சர்? விடுங்க. தெரியாத நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்க, அது போதும்" என்றார். அந்தப் பாட்டியின் சொல்தான் என்னை இன்று இந்த ஒலிபெருக்கியின் முன் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது.

நேயர்களே, இப்போது அடிப்படைக்கு வருவோம். ஐஸ் என்பது என்ன? தண்ணீர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. தண்ணீர் சுத்தமாக இருந்தால் ஐஸ் சுத்தம். தண்ணீரில் கிருமி இருந்தால் ஐஸிலும் கிருமி. கொதிக்கும் சூடு கிருமியைக் கொல்லும். உறையவைக்கும் குளிர் அப்படிக் கொல்லாது. சில கிருமிகள் குளிரில் சாகலாம். மற்றவை சும்மா கிடக்கும். காய்ந்த விதையை டப்பாவில் போட்டு மூடி வைத்தால் அது செத்தா போகிறது? ஈர மண்ணில் போட்டதும் முளைக்கிறது அல்லவா? அதுபோல, ஐஸ் உருகி வயிற்றின் சூட்டுக்குப் போனதும் அந்தக் கிருமி எழுந்துகொள்ளும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த செய்தி அல்ல. 1887ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரத்து மருத்துவர் புருடன் என்பவர் டைபாய்டு காய்ச்சல் கிருமிகளைத் தண்ணீரோடு உறையவைத்துச் சோதித்தார். நூறு நாளுக்குப் பிறகும் அந்த ஐஸில் உயிருள்ள கிருமிகள் இருந்தன. அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1987ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மழை வெள்ளம் கிணறுகளில் புகுந்தது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் செய்த ஐஸ் விற்பனைக்குப் போனது. பந்தாட்டம் பார்க்கப் போனவர்களும், பக்கத்து டெலவேர் மாநிலத்தில் ஒரு விருந்துக்குப் போனவர்களும் அந்த ஐஸ் போட்ட பானத்தைக் குடித்து, வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். பணமும் படிப்பும் உள்ள நாட்டிலேயே அப்படி நடந்தது. ஐஸைப் பார்த்தால் கண்ணாடிபோலப் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளபளப்பை நம்பி ஏமாறக் கூடாது.

ஆகவே முதல் விதி இது. வாயில் ஊற்றத் தயங்குகிற தண்ணீரை இயந்திரத்தில் ஊற்றாதீர்கள். தண்ணீர்மீது சந்தேகம் வந்த அந்த நிமிடமே ஐஸ் இயந்திரத்தை நிறுத்துங்கள்.

சந்தேகம் எப்போது வரவேண்டும்? தண்ணீர் நின்று, மறுபடி வரும்போது. சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2020ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்று நீர் மாசுபட்டது. நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை நிறுத்தவேண்டி வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் தண்ணீர் இல்லாமல் திண்டாடின. வாளியைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியதை நாம் மறக்கவில்லை.

தண்ணீர் நிற்கும்போது குழாய்க்குள் என்ன நடக்கிறது? தண்ணீர் நிறைந்து ஓடும்போது குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளி அழுக்கை உள்ளே விடாது. தண்ணீர் நின்றதும் அந்த அழுத்தம் குறைகிறது. குழாயில் எங்காவது வெடிப்போ ஓட்டையோ இருந்தால், மண்ணுக்குள் தேங்கிய அழுக்குநீர் அதன் வழியாக உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. மறுபடி தண்ணீரைத் திறந்துவிடும்போது அது வேகமாகப் பாய்ந்து, குழாயின் அடியில் படிந்திருந்த துருவையும் சேற்றையும் கலக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் முதலில் தேத்தண்ணீர் நிறம். நிறம் தெளிந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். துரு கண்ணுக்குத் தெரியும், கிருமி தெரியாது. தெளிந்த தண்ணீரும் கொதிக்கவைத்த தண்ணீரும் ஒன்றல்ல.

அப்படியானால் என்ன செய்வது? நாளைக்குத் தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்ததும், குழாயோடு இணைத்த ஐஸ் இயந்திரமாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஐஸ் தொட்டியின்மேல் ஒரு வளைந்த கம்பி இருக்கும். ஐஸ் நிறைந்தால் அந்தக் கம்பி உயர்ந்து இயந்திரத்தைத் தானே நிறுத்தும். கையால் அதை மேலே தூக்கிவிட்டாலும் நின்றுவிடும். சிலவற்றில் கம்பிக்குப் பதிலாகப் பொத்தான் இருக்கும். நிறுத்தாமல் விட்டால் இரண்டு தீமை. தண்ணீர் வராத குழாயிலிருந்து தண்ணீர் இழுக்க இயந்திரம் திரும்பத் திரும்ப முயலும். தண்ணீரைத் திறந்து மூடுகிற அதன் வால்வு கெட்டுப் போகலாம். இரண்டாவது தீமைதான் பெரியது. நள்ளிரவில் நீங்கள் தூங்கும்போது தண்ணீர் திரும்பி வரும். அந்த முதல் கலங்கல் தண்ணீரை இயந்திரம் யாரையும் கேட்காமல் வாங்கி, ஐஸாக்கி, நல்ல ஐஸோடு சேர்த்துத் தொட்டியில் போட்டுவிடும். காலையில் எது நல்லது, எது கெட்டது என்று யாரால் சொல்லமுடியும்?

தண்ணீர் திரும்பி வந்த பிறகு முதலில் குழாயைத் திறந்து நன்றாக ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரை வீணாக்க வேண்டாம், வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம், வாசல் கழுவலாம். தெளிந்த பிறகு இயந்திரத்தை ஓடவிடுங்கள். முதலில் வருகிற இரண்டு மூன்று தொட்டி ஐஸைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி அறிவிப்பு இருந்தால், அந்த அறிவிப்பு நீங்கும்வரை குழாயோடு இணைத்த இயந்திரம் ஓடவே கூடாது. அந்த நாட்களில் கொதித்து ஆறிய தண்ணீரைத் தட்டில் ஊற்றிப் பழைய முறையிலேயே ஐஸ் செய்துகொள்ளுங்கள்.

"டீச்சர், நாங்க ஃபில்டர் மாட்டியிருக்கோமே" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். கரி போட்டது வாடையைப் பிடிக்கும். ஆனால் நோய்க்கிருமிகள் கண்ணால் காணமுடியாத அளவு சிறியவை. சாதாரண ஃபில்டர் அவை எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. வாங்கி மாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்ட ஃபில்டரோ, தானே அழுக்குக்கு வீடாகிவிடும்.

அடுத்து, மேசைமேல் வைக்கிற இயந்திரத்தைப் பார்ப்போம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது நிறுத்துவது என்பது தானாக விளங்கிவிடும்.

அதன் அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீரைச் சிறிய பம்பு மேலே ஏற்றுகிறது. மேலே விரல்போல உலோகக் கம்பிகள் தொங்குகின்றன. அவை மிகவும் குளிர்ந்து, தம்மைச் சுற்றித் தண்ணீரை உறையவைக்கின்றன. கொஞ்ச நேரத்தில் கம்பிகள் இலேசாகச் சூடாகி, ஐஸ் நழுவிக் கூடையில் விழுகிறது. அதனால்தான் அந்த ஐஸின் நடுவில் ஒரு குழி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐஸ் விழுகிற கூடை பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் உறைகுளிர்ப் பெட்டி அல்ல. அது வெறும் கூடை. அங்கே கிடக்கிற ஐஸ் மெல்ல மெல்ல உருகும். உருகிய தண்ணீர் கூடையின் துளை வழியாக மறுபடி அடித்தொட்டிக்கே போகும். அதே தண்ணீரை இயந்திரம் மறுபடி ஐஸாக்கும்.

ஆகவே இரவு முழுதும் ஓடவிட்டால் காலையில் நிறைய ஐஸ் இருக்கும் என்பது வெறும் கணக்கு. கூடை நிறைந்ததும் இயந்திரம் நிற்கும். உருகி இடம் விழுந்ததும் மறுபடி ஓடும். விடிய விடிய உருகுவதும் உறைவதுமாக ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். மின்கட்டணம்தான் ஏறும். கூடை நிறைந்தால் ஐஸை எடுத்துப் பையிலோ மூடியுள்ள பாத்திரத்திலோ போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைகுளிர் அறையில் வையுங்கள். இயந்திரத்தை நிறுத்துங்கள். அடியில் வடிகால் அடைப்பான் இருக்கும். அதைத் திறந்து மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்து உலரவிடுங்கள். நேற்றைய தண்ணீரை இன்றைக்கும் நாளைக்கும் உள்ளேயே விட்டுவைத்தால், நம் நாட்டு வெப்பத்தில் தொட்டிச் சுவரில் வழவழப்பு ஏறிவிடும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள், தெரியும்.

இந்த இயந்திரத்துக்கு ஊற்றும் தண்ணீர் கொதித்து நன்றாக ஆறியதாக இருக்கட்டும். இரவு சமையல் முடிந்ததும் ஒரு கெண்டி தண்ணீர் கொதிக்கவைத்து மூடி வைத்தால், மறுநாளைக்கு ஆயிற்று. சூட்டோடு ஊற்றாதீர்கள், இயந்திரம் கெட்டுவிடும்.

மூன்றாவது வேளை, மின்சாரம் போகும்போது. மின்சாரம் போனால் ஐஸ் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரம் வந்ததும் உடனே போடாதீர்கள். ஓடிக் களைத்த ஆளை உட்காரவிடாமல் மறுபடி ஓடச் சொன்னால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் குளிரூட்டும் மோட்டாருக்கும் ஐந்து நிமிட ஓய்வு வேண்டும். இடி மின்னல் நேரத்திலும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே நல்லது. ஆனால் இடி தலைக்குமேல் வந்த பிறகு பிளக்கைத் தொடப் போகவேண்டாம். மேகம் கறுக்கும்போதே செய்துவிடுங்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த இடங்களில், தண்ணீர் பட்ட இயந்திரத்தை மின்சாரம் தெரிந்தவர் பார்க்கும்வரை தொடவே கூடாது. அதில் இருந்த ஐஸ் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

மின்சாரம் போன நேரத்தில் குளிர்ப்பெட்டியை அடிக்கடி திறக்காதீர்கள். திறக்காமல் இருந்தால் கீழறையில் உள்ள உணவு ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். நிறையப் பொருள் அடைத்த உறைகுளிர் அறை 48 மணி நேரம்வரை தாங்கும். பாதி நிறைந்தது என்றால் 24 மணி நேரம்.

நான்காவது வேளை, வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போகும்போது. தீபாவளிக்குத் தாய்வீடு போகிறோம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ பினாங்குக்கோ போகிறோம். திரும்பிவர நான்கு நாள், ஐந்து நாள் ஆகிறது. மேசை இயந்திரமாக இருந்தால் தண்ணீரை வடித்து, துடைத்து, மூடியைத் திறந்து வைத்துப் போங்கள். குழாயோடு இணைத்ததாக இருந்தால் முதலில் ஐஸ் இயந்திரத்தை நிறுத்தி, அதன்பின் அதற்குப் போகும் தண்ணீர்க் குழாயை மூடுங்கள். வரிசை மாறக் கூடாது. தொட்டி ஐஸைக் கொட்டிவிடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் அந்த மெல்லிய குழாய் கசிந்தால், நீங்கள் திரும்பி வரும்போது குசினி குளமாகியிருக்கும்.

உறைகுளிர் அறையில் மீனோ இறைச்சியோ வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு சிறு யோசனை. ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றி உறையவையுங்கள். கட்டியானதும் அதன்மேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பாருங்கள். காசு மேலேயே இருந்தால் கவலையில்லை. காசு அடியில் போய்க் கிடந்து, மேலே தண்ணீர் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது மின்சாரம் நீண்ட நேரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்த மீனையும் இறைச்சியையும் சமைக்காதீர்கள். பத்து வெள்ளி மீனைப் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு நூறு வெள்ளி செலவாகும். இந்தச் சோதனையைப் பிள்ளைகளைக் கொண்டே செய்யவையுங்கள். அவர்களுக்கு அது ஓர் அறிவியல் பாடமாகவும் இருக்கும்.

ஐந்தாவது வேளை, ஐஸில் வாடையோ நிறமோ ருசியோ மாறும்போது. திறந்து கிடக்கும் ஐஸ் பக்கத்தில் உள்ள வாடையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். பெலாச்சானும் கருவாடும் டுரியானும் இருக்கும் பெட்டியில் மூடாமல் வைத்த ஐஸைப் பிள்ளையின் பாலில் போட்டுப் பாருங்கள், பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அது நோய் அல்ல, வெறும் வாடைதான். ஆனால் கரும்புள்ளியோ வழவழப்போ கண்டால் இயந்திரத்தை நிறுத்துங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், கழுவுங்கள். இயந்திரத்தோடு வந்த குறிப்பில் சொன்னபடி காடி கலந்த தண்ணீரை ஓடவிட்டு வடித்து, பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். காடியையும் வெள்ளைத்துணிக்குப் போடும் குளோரினையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து மூச்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். கழுவிய பின் வருகிற முதல் கூடை ஐஸைக் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஆறாவதாக ஒன்று. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், அவர் தேறும்வரை எல்லாரும் கைவிட்டு எடுக்கும் அந்தப் பொது ஐஸ் தொட்டியை மூடிவிடுங்கள். கையை விட்டு ஐஸ் அள்ளுகிற பழக்கத்தை எப்போதுமே விடவேண்டும். தொட்டிக்கு ஒரு கரண்டி வையுங்கள். அந்தக் கரண்டியையும் ஐஸுக்குள்ளேயே புதைத்து வைக்காமல் வெளியே தனியாக வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்? பயப்பட வேண்டாம், ஆனால் காலம் கடத்தவும் வேண்டாம். "தண்ணி குடுத்தா இன்னும் போவும்" என்று சொல்லித் தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெருந்தவறு. உடம்பிலிருந்து போன தண்ணீரைத் திரும்பக் கொடுத்தே ஆகவேண்டும். கிளினிக்கில் உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாத நேரத்தில், கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தட்டையாக அளந்த ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. நன்றாகக் கலக்கிச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்பு அளவு கூடிவிடக் கூடாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நேயர்களே, சொன்னவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறேன். தண்ணீர் நிற்குமுன் நிறுத்துங்கள். கலங்கல் தீரும்வரை நிறுத்தியே வையுங்கள். கூடை நிறைந்தால் நிறுத்துங்கள். மின்சாரம் போனால் பிளக்கைப் பிடுங்குங்கள். ஊருக்குப் போகுமுன் நிறுத்தி வடித்துவிடுங்கள். வாடை மாறினால் நிறுத்திக் கழுவுங்கள். வீட்டில் நோய் என்றால் தொட்டியை மூடுங்கள். இவற்றை ஒரு தாளில் எழுதி இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவையுங்கள். எழுதுகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் எழுதினால் அவர்களே காவல் இருப்பார்கள்.

எங்கள் பள்ளியில் இப்போதும் விளையாட்டுப் போட்டி நடக்கிறது. சிரப் தண்ணீர் கலக்கும் பொறுப்பு இன்னும் என்னிடம்தான். ஐஸுக்கான தண்ணீரையும் கொதிக்கவைத்து, மூன்று நாள் முன்பிருந்தே செய்து சேர்த்து வைக்கிறேன். சென்ற போட்டியில், அன்று மருத்துவமனையில் படுத்திருந்த அதே பையன், இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டவன், ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான். குவளையைக் கையில் வாங்கினான். குடிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து, "டீச்சர், ஐஸும் கொதிச்ச தண்ணியா?" என்று கேட்டான்.

"ஆமாடா கண்ணு, ஐஸும் கொதித்த தண்ணீர்தான்" என்றேன். அதன் பிறகுதான் குடித்தான்.

அவன் கேட்ட அந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கட்டும். பதில் சொல்லும்போது நீங்கள் தலைகுனியாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான் நான் வேண்டுவது.